கண்ணாடிப் பை

கரவனெல்ல பெரிய பட்டினமன்று. அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாக அட்டனுக்கு ஏறும் நெடுந்தெருவோடு, கேகாலையிலிருந்து புளத்கொகுபிட்டிய வழியாக வரும் தெரு கூடுகின்ற இடம் அது. ஓர் ஆதார வைத்தியசாலை, சில கடைகள், அருகே களனி கங்கை, சுற்றிலும் இறப்பர்த் தோட்டங்கள்: இவ்வளவே ஊர். இங்கிருந்து தமிழ்ப் பாடஞ் சொல்லும் ஒருவன் விமானப் பயணிகளுக்குப் பை தெரிந்தெடுக்கும் வகையைப் பற்றி எழுதப் புகுவது வேடிக்கையாகத் தோன்றலாம். "தொல்காப்பியத்திலே ஐயம் உண்டானால் உம்மிடம் வரலாம், பையிலே ஐயம் உண்டானாலும் உம்மிடமா வருவது?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். நகைப்புக்கு இடம் உண்டு. நான் விமானம் ஏறியது என் வாழ்நாளில் ஒரே முறை. அதுவும் சென்னை வரைக்குந்தான்.

ஆயினும், பறப்பவர் பலர் என் வீட்டுத் திண்ணையிலிருந்தே புறப்படுகின்றனர். தோட்டப் பாடசாலையிலே படித்த பிள்ளைகள் வளர்ந்து குவைத்துக்கும் சவூதிக்கும் தொழில் தேடிப் போகின்றார்கள். பயணச் சீட்டிலே உள்ள ஆங்கிலத்தை வாசித்துச் சொல்லவும், படிவம் நிரப்பவும், பெற்றோரைத் தேற்றவும் பழைய வாத்தியார் வேண்டும். அவ்வகையிலே, ஏறாத விமானங்களின் சட்டமெல்லாம் எனக்குத் தெரிந்தன. தெரிந்துகொண்டது ஒரு போத்தல் எண்ணெயை இழந்த பின்பு. அதை முதலிற் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி வீட்டு வேலைக்காக வெளிநாடு சென்றாள். தாய் இறப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் மலையேறி, மரத்துக்கு மரம் நடந்து, சிரட்டையிலே பால் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தவள். மகள் பயணப்படுமுன், கரிசலாங்கண்ணியும் மருதோன்றியும் வெந்தயமும் இட்டு, தேங்காயெண்ணெயிலே தைலங் காய்ச்சினாள். அதைப் பெரிய போத்தலொன்றிலே நிரப்பி, உடைந்துவிடும் என்று அஞ்சி, பெரிய பெட்டியிலே வைக்காது மகளின் கைப்பையிலே வைத்தாள். உடைந்துவிடும் என்ற அச்சமே அதனை இழக்கச் செய்தது. விமான நிலையம் ஒன்றின் சோதனை மேசையிலே அப்போத்தல் வெளியே எடுக்கப்பட்டது. குப்பைத் தொட்டியிலே இடப்பட்டது. காரணம் சொன்னார்களாம், அவளுக்கு விளங்கவில்லை.

தொலைபேசியிலே அவள் என்னிடம் சொன்னது இது: "சேர், நான் என்னமோ களவெடுத்துக்கிட்டுப் போற மாதிரி எல்லாரும் பார்த்தாங்க. அம்மாக்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." தாயோ கிழமைதோறும் மகளிடம், "எண்ணெய் தேய்ச்சுக்கிறியா?" என்று கேட்பாள். "தேய்க்கிறேன் அம்மா" என்று மகள் சொல்லுவாள். இரண்டாண்டு அவ்வெண்ணெய் தீரவேயில்லை! நானும் அப்பொய்க்குத் துணைநின்றேன். இன்று அத்தாய் இல்லை. ஆகவே இதனை எழுதுகிறேன்.

இனி, அச்சட்டம் எவ்வாறு பிறந்தது என்று பார்ப்போம். 2006 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10 ஆம் நாள். குளிர்பானப் போத்தல்களிலே, ஐதரசன் பெரொக்சைட்டை அடிப்படையாகக் கொண்ட திரவ வெடிமருந்தை நிரப்பி, இலண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்லும் விமானங்களிலே வெடிக்கச் செய்யச் சிலர் வகுத்த சூழ்ச்சியைப் பிரித்தானியப் பொலிசார் முன்னரே அறிந்து தடுத்தனர். அன்று காலை பிரித்தானிய விமான நிலையங்களிலே கைப்பைகள் யாவும் தடுக்கப்பட்டன. கடவுச்சீட்டு, பணப்பை, இன்றியமையாத மருந்து என்னுஞ் சிலவற்றையே, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையிலிட்டு எடுத்துச் செல்லலாம் என்றனர். கைக்குழந்தைக்குப் பால் கொண்டுபோன தாய், அதிகாரியின் முன்னே அதனைத் தானே சுவைத்துக் காட்ட வேண்டியிருந்தது. தாய்ப்பாசத்துக்கும் சான்று கேட்ட நாள் அது.

சில கிழமைகளில் அக்கடுந்தடை தளர்ந்து ஒரு விதியாயிற்று. அமெரிக்கா 2006 செப்டெம்பர் 26 இலும், ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாண்டு நவம்பர் 6 இலும் அவ்விதியை நடைமுறைப்படுத்தின. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம், 2007 மார்ச் 1 ஆம் நாளுக்குள் உறுப்பு நாடுகள் யாவும் இதனைக் கைக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. விதி சூத்திரம் போலச் சுருக்கமானது. கையிலே கொண்டுசெல்லும் திரவம் எதுவும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாத கலத்திலே இருத்தல் வேண்டும். அக்கலங்கள் யாவும், ஒரு லீற்றருக்கு மேற்படாத, திறந்து மூடத்தக்க, ஒளிபுகும் பையொன்றிலே நெருக்கமின்றி அடங்குதல் வேண்டும். ஒருவருக்கு ஒரு பை.

சூத்திரமென்றால் உரை வேண்டும். முதலாவது, கலத்தின் அளவே கணக்கு. உள்ளிருக்கும் பொருளின் அளவன்று. 200 மில்லிலீற்றர் போத்தலின் அடியிலே ஒரு விரற்கடை எண்ணெய்தான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. போத்தலின்மேல் எழுதியிருக்கும் எண்ணை அதிகாரி வாசிப்பார், எண்ணெயை அளக்கமாட்டார். இரண்டாவது, திரவம் என்ற சொல்லை அகலவுரையாகக் கொள்ளல் வேண்டும். தண்ணீரும் தைலமும் அத்தரும் மட்டுமல்ல. பற்பசை, முகப்பூச்சு, களி, சவர நுரை, விசிறும் வாசனைத் திரவியம் எல்லாம் அடங்கும். தேனும் தயிரும் சட்டினியும் ஊறுகாயும் அவ்வாறே. தலைவலிக்குத் தடவும் சித்தாலேப போன்ற களிம்பும் இவ்வினத்தது. கட்டிச் சவர்க்காரமும் திருநீறும் சீப்பும் இதில் அடங்கா. மூன்றாவது, நூறு மில்லிலீற்றர்க் கலங்கள் பத்துச் சேர்ந்தால் ஒரு லீற்றர் என்பது கணித பாடம். பையிலே அது பொருந்தாது. போத்தல்களுக்கு இடையே வெளி உண்டு. பையின் வாய் எளிதாக மூடவும் வேண்டும். ஆறேழு சிறு கலங்கள் அடங்கினால் நிறைவு கொள்க.

விதிவிலக்குகளும் உள. பயணத்துக்கு வேண்டிய மருந்தும், குழந்தையின் பாலும், நோயாளருக்குரிய சிறப்புணவும் அளவு மிஞ்சினும் தனியே காட்டிக் கொண்டுசெல்லலாம். வைத்தியரின் கடிதமும், மருந்துப் பெட்டியின்மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டும் உடனிருத்தல் நன்று. இன்சுலின் ஊசி மருந்தைப் பெரிய பெட்டியிலே இடாதீர்கள்; சரக்கறைக் குளிரில் உறைந்து கெடக்கூடும். அதனைக் கையோடு வைத்திருத்தலே முறை. விமான நிலையத்துத் தீர்வையற்ற கடைகளிலே வாங்கும் போத்தல்களை, பிரித்தால் தெரியும்படி முத்திரையிட்ட பையிலே கடைக்காரர் இட்டுத் தருவர். போய்ச் சேருமட்டும் அதனைப் பிரிக்கலாகாது.

முத்திரை என்றதும் பட்டினப்பாலை நினைவுக்கு வருகின்றது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத் துறையிலே, ஏற்றவும் இறக்கவும் குவிந்த பண்டப் பொதிகளின்மேல் சோழரின் புலி இலச்சினையைப் பொறித்து வெளியே விட்ட காவலாளரைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அதிலே காட்டியிருக்கிறார். பொதியை நிறுத்திப் பார்ப்பதும் முத்திரை இடுவதும் நமக்குப் புதியன அல்ல. பார்க்கப்படுகின்றவன் பொதிக்காரனா, பொதியா என்பதுதான் கேள்வி.

இக்கேள்வி மலையகத்தார்க்கு நூற்கேள்வியன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர், தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்திலே கட்டிக்கொண்டு வந்தனர். மண்டபம் முகாமிலே தடுத்துவைக்கப்பட்டு, நோய் உண்டோ என்று சோதிக்கப்பட்டனர். அங்கே பார்க்கப்பட்டது பொதியன்று, மனிதர். 1964 ஒக்டோபரிலே சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டபின், அவர்களின் மக்களும் பேரரும் தகரப் பெட்டிகளோடு தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரத்திலே இறங்கினர். பின்னர் வந்த யுத்த காலத்திலே தெருச் சோதனைச் சாவடிகளில் எத்தனை முறை நம் பைகள் கவிழ்க்கப்பட்டன என்பதை எண்ணியவர் இல்லை. அதனாலேதான், "பையைத் திற" என்ற சொற்கேட்டதும் இம்மக்களின் கை நடுங்குகின்றது. குற்றம் இல்லாத கையும் நடுங்கும்.

ஒளிபுகும் பையை நான் முதன்முதல் கூர்ந்து பார்த்தது விமானப் பயணத்திலன்று, வகுப்பறையிலே. 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள் உயிர்த்த ஞாயிற்றுக் குண்டுவெடிப்புகளின் பின், மே மாதத்திலே பாடசாலைகள் மீளத் திறந்தபோது வாயிலிலே பிள்ளைகளின் பைகள் சோதிக்கப்பட்டன. சோதனை எளிதாகுமென்று பெற்றோர் பலர் ஒளிபுகும் பைகளை வாங்கிக் கொடுத்தனர். என் வகுப்பிலே ஒரு சிறுவன். அவனுக்கும் அத்தகைய பையொன்றை எப்படியோ வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு கொப்பிகள், ஒரு பேனை, வேறொன்றுமில்லை. சோற்றுப் பொதி இல்லை என்பதை, அதுவரை அவனும் நானுமே அறிந்திருந்தோம். அன்று வகுப்பு முழுவதும் கண்டது. மறுநாள் அவன் பையின் உட்புறத்தே பழைய பத்திரிகைத் தாளொன்றை விரித்துக்கொண்டு வந்தான். வாயிலிலே தடுத்தார்கள். நான் சென்று அவனை அழைத்துவந்தேன். வெடிமருந்தைக் கண்டுபிடிக்க உண்டான பை, பசியைக் கண்டுபிடித்தது. இருபத்தைந்து ஆண்டு ஆசிரியத் தொழிலிலே அந்தத் தாளைப்போல என்னை வருத்திய கட்டுரை வேறில்லை.

இதனால், காட்டவேண்டியதை மட்டும் காட்டும் பையே நல்ல பை என்று துணிந்தேன். சட்டம் கேட்பது திரவங்களை. மகளிர்க்குரிய துணிகளையோ, மாத்திரைகளையோ, கடிதங்களையோ அந்தப் பையிலே எவரும் இடச் சொல்லவில்லை. அறியாமையினாலே எல்லாவற்றையும் அதிலே திணித்து, ஆயிரம் பேர் முன்னே ஏந்தி நிற்கிறார்கள். அவை உட்பையிலே அடக்கமாக இருக்கட்டும்.

சென்ற மாதம் அம்மாணவியின் தங்கை பயணப்படும் முறை வந்தது. தாய் காய்ச்சிய பக்குவத்தை அவளே பழகித் தைலங் காய்ச்சி வைத்திருந்தாள். "சேர், இந்தத் தடவை இதை எப்படியாவது கொண்டு போயிடணும்" என்றாள். இருவரும் ருவான்வெலக் கடைகளுக்குச் சென்றோம். நம் புலவர்கள் ஆற்றுப்படை பாடினார்கள். பத்துப்பாட்டிலே ஐந்து நூல்கள் அவ்வகையின. முன்னே போனவன் பின்னே வருவோனுக்கு வழிசொல்வது அதன் இலக்கணம். பரிசில் பெற்ற வழியைப் போலவே, பறிகொடுத்த வழியையும் சொல்லி வைத்தல் தக்கதே. ஆகவே நாங்கள் பார்த்தவற்றைச் சொல்லுகிறேன்.

கடைக்காரரிடம் "ஒளிபுகு பை" என்று கேட்டேன், விழித்தார். "கண்ணாடிப் பை" என்றாள் அவள். உடனே எடுத்துத் தந்தார். அதிலே கண்ணாடி அணுவளவும் இல்லை. ஆயினும் உலக வழக்கே வென்றது. நானும் தலைப்பிலே அதனையே இட்டுவிட்டேன்.

முதலிலே அளவு. ஏறக்குறைய இருபது சென்ரிமீற்றர் நீளமும் இருபது சென்ரிமீற்றர் அகலமும் உள்ள தட்டைப் பை ஒரு லீற்றருக்கு ஒத்ததென்பது பிரித்தானிய விமான நிலையங்களின் கணக்கு. அழகாயிருக்கிறதென்று பெரியதை வாங்கினால், உள்ளே ஒரே போத்தல் இருந்தாலும் தடுக்கக்கூடும். அடுத்தது நிறம். பூ அச்சிட்டனவும் நீலச் சாயல் உள்ளனவும் வேண்டா. நீர்போலத் தெளிந்ததே வேண்டும். பின்னர் வாய். அழுத்தி மூடும் பொலித்தீன் பை விலை குறைந்தது, எங்கும் ஏற்கப்படுவது. ஆனால் சில முறை திறந்தால் வாய் தளர்ந்துவிடும். சிப் வைத்த தடித்த பை நீடித்து உழைக்கும். சிப் முனைக்கு முனை தடையின்றி ஓடுகிறதா என்று பலமுறை இழுத்துப் பாருங்கள். தையல் போட்ட விளிம்பைவிட, சூட்டினால் ஒட்டிய விளிம்பு நன்று. தையற் துளை எண்ணெயைக் கசியவிடும். கடுமையாக மணக்கும் பிளாஸ்டிக்கை விலக்குங்கள். மடித்த இடத்திலே வெண்கோடு விழுவது விரைவில் வெடிக்கும்.

வீட்டுக்கு வந்து பையிலே பாதியளவு தண்ணீர் ஊற்றி, மூடி, தலைகீழாகப் பிடித்தோம். ஒரு துளி கசிந்தாலும் அது பழம் வைக்க உதவுமேயன்றிப் பயணத்துக்கு உதவாது. எங்கள் பை தேறியது.

கலத்தை நிரப்புவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கரவனெல்லவிலே வாங்கிய பொரியல் பக்கற்றை நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் அது ஊதிப் பருத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையுச்சியிலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைய, உள்ளே அடைபட்ட காற்று விரிகிறது. விமானத்தின் உள்ளே, காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையிலே உள்ளதற்கு ஒப்பாகவே பேணப்படும். ஆகவே போத்தலுக்குள் அடைபட்ட காற்று விரிந்து எண்ணெயை மூடியின் வழியே தள்ளும். மெல்லிய பிளாஸ்டிக் போத்தலாயின், சிறிது அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுக. வாயின்மேல் பொலித்தீன் துண்டொன்றை இட்டு மூடியைத் திருகுக. இவ்வளவும் செய்தால் கசியாது.

எண்ணெயின் பெரும்பகுதியை இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களிலே ஊற்றி, ஒவ்வொன்றையும் பொலித்தீனிற் கட்டி, தாயின் பழைய சேலைக்குள் சுற்றி, சரக்கறைக்குப் போகும் பெரிய பெட்டியின் நடுவே வைத்தோம். அக்கா செய்யத் தவறியது இதுதான். நூறு மில்லிலீற்றர் மட்டும் சிறு போத்தலிலே ஊற்றிக் கண்ணாடிப் பையிலே வைத்தோம். "பெட்டியிலேதான் இருக்கே, இது எதுக்கு சேர்?" என்று கேட்டாள். "பெட்டி வழிதவறினாலும் கையிலே கொஞ்சம் இருக்கட்டும்" என்றேன். அதன் அருகே பற்பசையும் ஒரு சிறு தைலச் சிமிழும். பையை, கைப்பையின் மேலே, கேட்குமுன் எடுத்து நீட்டத்தக்க இடத்திலே வைத்தோம். தேடித் துழாவும் கையையே அதிகாரி ஐயுறுவார். தானே எடுத்து மேசையிலே வைப்பவளுக்கு நடுக்கம் இல்லை. என் திண்ணையிலே அதனை மூன்று முறை பழக்கினேன். மூன்றாம் முறை சிரித்துக்கொண்டே எடுத்து வைத்தாள்.

இச்சட்டம் என்றும் நிலைக்குமென்று எண்ணவேண்டியதில்லை. பழைய கருவிகள் பையின் தட்டையான நிழலையே காட்டின. தண்ணீரையும் தீய திரவத்தையும் பிரித்தறிதல் அவற்றுக்கு அரிது. வைத்தியசாலைகளிலே உடலைப் பல கோணங்களிற் படம் பிடிக்கும் பொறியைப் போன்ற புதிய கருவிகள், பொருளின் முழுவுருவையும் காட்டுகின்றன. அவற்றை நிறுவியபின், 2025 யூலையிலே எடின்பரோ விமான நிலையம் இரண்டு லீற்றர்க் கலம் வரை அனுமதித்தது. ஆனால் ஒரு நிலையத்தின் சலுகை மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. புறப்படும் இடம், மாறும் இடம், திரும்பும் இடம் ஆகிய மூன்றின் விதியையும் கேட்டறிதல் வேண்டும்.

மக்களின் வழக்கத்துக்காகச் சட்டம் வளைந்ததும் உண்டு. சபரிமலை செல்லும் அடியவர் இருமுடியிலே வைக்கும் தேங்காயை விமானத்துள் கையோடு கொண்டுசெல்ல இந்தியாவிலே தடை இருந்தது. 2024 இலே, சோதனைக்கு உட்பட்டு, 2025 சனவரி 20 வரைக்கும் அதற்கு இசைவு கொடுத்தார்கள். அடியவரின் தேங்காய்க்குப் பேச அமைப்புகள் இருந்தன. பால் வெட்டுந் தாயொருத்தி காய்ச்சிய எண்ணெய்க்குப் பேசுவார் யார்? சட்டத்தை விலக்கும்படி நான் கேட்கவில்லை; அது உயிர்காக்க வந்தது. பயணம் போகும் ஏழைப் பெண்ணுக்குப் புறப்படுமுன் அதனை அவள் மொழியிலே சொல்லிக்கொடுங்கள் என்றே கேட்கிறேன். ஆசிரியர்களுக்கும் மேல்வகுப்பு மாணவர்க்கும் ஒரு மாலைப் பொழுதின் வேலை இது.

முந்தாநாள் இரவு தொலைபேசி வந்தது. "சேர், மேசையில நானே எடுத்து வச்சேன். பார்த்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க. அக்காவுக்கும் ஒரு போத்தல் அனுப்ப வழி பார்க்கிறேன்" என்றாள். அக்காவும் அதே நாட்டிலேதான் இருக்கிறாள். எண்ணெய் தேய்த்துக்கொள்கிறாயா என்று இனி அவளை எவரும் கேட்கப்போவதில்லை. கேட்டால், இம்முறை உண்மையே சொல்லலாம்.